மிதிபடும் மணலில் வாழும் உயிர்கள்

கடற்கரை மணலின் துகள்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தி அமர்வதில்லை. மணலின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு துகள்களுக்கு நடுவேயுள்ள இடுக்குகள்தான். அலை ஏறி இறங்கும் இடத்தில் இந்த இடுக்குகளைக் கடல்நீர் நிரப்பியிருக்கும். அந்த நீரில், வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத விலங்குகள் பிறந்து, இரை தேடி, இனம் பெருக்கி, மடிகின்றன. கரையில் நிற்பவரின் ஒரு காலடிக்குக் கீழே மட்டும் இவை ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும்.

இவற்றுக்கு அறிவியலார் இட்ட பொதுப்பெயர் மெயோஃபானா. 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் நழுவிக் கீழே இறங்கி, ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் தங்கிவிடும் விலங்குகள் இதில் அடங்கும். இப்பெயரை 1942இல் முதலில் பயன்படுத்தியவர் மோலி மேர் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர். தமிழில் மணலிடை விலங்குகள் எனலாம். ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே சராசரியாகப் பத்து லட்சம் மணலிடை விலங்குகள் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே உள்ள கோவளம் முதல் மாமல்லபுரம் வரை நீளும் கரையும் இவை வாழத்தக்க மணற்கரையே. தமிழகத்தில் சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக நடமாடும் கரைகளில் அதுவும் ஒன்று.

மணலுக்குள் வாழ்வோர்

விலங்குலகை உயிரியலார் முப்பதுக்கும் மேற்பட்ட பெருந்தொகுதிகளாகப் பிரிக்கின்றனர். அவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளுக்கு மணலிடை உறுப்பினர்கள் உண்டு. ஒரு காட்டில் காணக் கிடைக்காத அளவுக்கு வேறுபட்ட உடலமைப்புகள் ஒரு கைப்பிடி ஈர மணலில் கிடைக்கும்.

எண்ணிக்கையில் பெரும்பாலும் முன்னிற்பவை நூற்புழுக்கள். மெல்லிய நூலிழை போன்ற இவை துகள்களுக்கிடையே நெளிந்து சென்று பாக்டீரியாவையும், டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளையும், சில சமயம் பிற நூற்புழுக்களையும் தின்கின்றன. அடுத்த நிலையில் இருப்பவை ஹார்பாக்டிகாய்ட் என்ற வகையைச் சேர்ந்த துடுப்புக்காலிகள். இவை இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. மணலில் வாழ்வதற்கேற்ப உடல் ஒடுங்கி நீண்டிருக்கும். இவற்றோடு தட்டைப்புழுக்களும், பல்சுணைப் புழுக்களில் மிகச் சிறிய இனங்களும், கடல் உண்ணிகளும், காஸ்ட்ரோட்ரிக் எனப்படும் நுண்மயிர் பூண்ட உயிர்களும், நீர்க்கரடி என்று அறியப்படும் எட்டுக்கால் உயிர்களும் சேர்ந்து வாழ்கின்றன.

அலை ஓயாது புரட்டும் இடத்தில் வாழ்வதால் இவற்றின் உடலமைப்பும் அதற்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. பலவற்றின் உடலில் பசைச் சுரப்பிகள் உண்டு. அலை வரும்போது துகளைப் பற்றி ஒட்டிக்கொள்ளவும், அலை கடந்ததும் விடுவித்துக்கொள்ளவும் இவை உதவுகின்றன. பெரும்பாலான கடல் விலங்குகள் பல்லாயிரம் முட்டைகளை நீரில் விட்டு, குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து புது இடம் சேர வழி செய்கின்றன. மணலிடை விலங்குகளில் பலவற்றுக்கு இந்த வழி இல்லை. அவை ஒரு சில முட்டைகளையே இடுகின்றன. குஞ்சுகள் பிறந்த மணலிலேயே வளர்கின்றன. ஓரிடத்தில் ஓரினம் முற்றாக அழிந்தால், தொலைவிலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்க்க இயலாததற்கு இதுவே காரணம்.

இந்த நுண்ணுலகுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும் சிற்றுயிர்களும் மணலில் புதைந்து வாழ்கின்றன. அவற்றில் எமெரிட்டா ஏசியாட்டிகா என்ற சிறு நண்டினம் சென்னைக் கரைக்கு நெருக்கமானது. முட்டை வடிவ உடலைக் கொண்ட இந்த நண்டு பின்பக்கமாக மணலில் புதைந்துகொள்ளும். திரும்பிச் செல்லும் அலையில் தன் இறகு போன்ற உணர்கொம்புகளை விரித்து, நீரில் வரும் நுண் உணவை வடித்துத் தின்னும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. சுப்பிரமணியம் இந்த நண்டின் இனப்பெருக்கத்தை விரிவாக ஆராய்ந்தவர். சில மில்லிமீட்டர் அளவிலேயே ஆணாக முதிர்ச்சியடையும் இந்த நண்டு, பெரிதாக வளர்ந்தபின் பெண்ணாக மாறுவதை 1981இல் வெளியான ஆய்வில் அவர் விளக்கினார். கரையின் மேற்பகுதியில் வளை தோண்டி வாழும் ஓசிபோடு நண்டுகளை எல்லோரும் கண்டிருப்பார்கள். சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் அலவன் என்ற பெயரில் நண்டுகள் பலமுறை வருகின்றன.

சென்னைக் கரையில் நடந்த ஆய்வுகள்

மணலிடை விலங்கு ஆய்வில் சோழமண்டலக் கரைக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தின் ஆர். கோபால ஐயரும் கே. எச். அலிகுன்ஹியும் சென்னை மணற்கரையிலிருந்து ஒரு புதிய புழுவினத்தை 1940இல் விவரித்தனர். இன்று அது பிசியோனிடென்ஸ் இண்டிகா என்று அழைக்கப்படுகிறது. 1944இல் அதே இருவர் சென்னைக் கரையின் எளிய உடலமைப்புக் கொண்ட சிறு புழுக்களைப் பற்றி இன்னொரு விரிவான ஆய்வை வெளியிட்டனர். பாலிகோர்டியஸ் மெட்ராசென்சிஸ் என்ற இனத்தின் பெயரில் சென்னை நிலைத்தது அந்த ஆய்வினால்தான். 1950களில் எஸ். கிருஷ்ணசாமி சென்னை மணலின் துடுப்புக்காலிகளை ஆராய்ந்து பல புதிய இனங்களை விவரித்தார்.

அதன்பின் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஏ. டி. மெக்கின்டயர் பரங்கிப்பேட்டை உள்ளிட்ட தென்னிந்தியக் கரைகளின் மணலுயிர்களை அளந்து 1968இல் வெளியிட்டார். வெப்ப மண்டலக் கரைகளின் மணலுயிர்களைப் பற்றிய தொடக்ககால அளவீடுகளுள் அது முக்கியமானது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, சென்னை நியூ கல்லூரியின் கே. அல்டாஃபும் அவருடைய குழுவினரும் மெரினாவின் மணலிடை விலங்குகளில் அந்த அலை ஏற்படுத்திய மாற்றத்தை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர். இயற்கைச் சீற்றத்தின் விளைவை இப்படி அளக்க முடியும் என்றால், மனித நடமாட்டத்தின் விளைவையும் அதே முறையில் அளக்க முடியும்.

கரையின் மூன்று பட்டைகள்

சுற்றுலா மணலுயிர்களை எப்படித் தாக்குகிறது என்று அறிய, கரை எப்படி அமைந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கோவளம் போன்ற ஒரு கரையை நிலத்திலிருந்து கடல் நோக்கி மூன்று பட்டைகளாகக் கொள்ளலாம்.

முதற்பட்டை காய்ந்த மேல்மணல். புயலின்போது மட்டுமே அலை இங்கு வரும். கோடை நண்பகலில் மேற்பரப்பு பாதம் பொசுக்கும் அளவுக்குச் சுடும். அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பட்டையில்தான். நண்டு வளைகளின் பெரும்பகுதியும் இங்கேயே உள்ளது.

இரண்டாவது, உயர் அலை வந்து தொட்டுத் திரும்பும் கோடு. கடல் கொண்டுவரும் பாசி, சிப்பி, இலைதழை, கட்டை எல்லாம் இந்தக் கோட்டில் ஒதுங்கும். ஒதுங்கிய பாசியின் அடியில் ஈரமும் நிழலும் உணவும் இருப்பதால், சுற்றியுள்ள வெற்று மணலில் இல்லாத உயிர்கள் அங்கே கூடுகின்றன. பூச்சிகளும் அவற்றின் புழுக்களும், மண்புழுவின் உறவான சிறு புழுக்களும், நிலம் கடல் இரண்டுக்கும் உரிய நூற்புழுக்களும் அவற்றில் அடங்கும்.

மூன்றாவது, அலை ஏறி இறங்கும் ஈர மணல். எமெரிட்டாவும் சிறு மட்டிகளும் மணலிடை விலங்குகளில் மிகப் பலவும் இங்கே வாழ்கின்றன. சென்னைக் கரையில் ஓத ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரையும் தாண்டுகிறது. அதனால் அங்கே ஓதம் வடியும்போது பெரும்பரப்பு வெளிப்படும். இங்கே ஈர மணற்பட்டை ஒடுங்கியே இருக்கும். கடல் பார்க்க வருவோர் கால் நனைக்க நிற்பதும் இந்த ஒடுங்கிய பட்டையில்தான். உயிர்கள் செறிந்த இடமும் மனிதர்கள் கூடும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. சோழமண்டலக் கரையில் சுற்றுலாவின் தாக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி மிகவும் முக்கியம்.

மணலுயிர்கள் செய்யும் பணி

ஒவ்வோர் அலையும் மணலுக்குள் கொஞ்சம் கடல்நீரைச் செலுத்துகிறது. அந்த நீரில் இறந்த பாசி, மீன் கழிவு, நுண்ணுயிர்கள் எனக் கரிமப்பொருள் நிறைந்திருக்கும். மணலில் ஒட்டியுள்ள பாக்டீரியா இவற்றைச் சிதைக்கின்றன. மணலிடை விலங்குகள் அந்தப் பாக்டீரியாவைத் தின்று, அவை அளவுமீறிப் பெருகாமலும் தேங்காமலும் வைக்கின்றன. இடுக்குகள் வழியாக நகர்வதால் நீரும் ஆக்சிஜனும் உள்ளே செல்ல வழி திறக்கின்றன. மணலிலிருந்து கடலுக்குத் திரும்பும் நீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகள் கரைந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு அலைவாய்க்கு அருகே நுண்பாசிகள் வளர்கின்றன. மணற்கரை என்பது உயிருள்ள பெரும் வடிகட்டி. அதன் வேலையைச் செய்பவை இந்த உயிர்களே.

உணவுச் சங்கிலியிலும் இவற்றுக்கு இடமுண்டு. கரையோர ஆழமற்ற நீரில் வளரும் மீன்குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் துடுப்புக்காலிகளை விரும்பி உண்கின்றன. எமெரிட்டாவையும் சிறு மட்டிகளையும் புழுக்களையும் மீன்களும், குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான் வகைப் பறவைகளும் தின்கின்றன. கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி என இக்கரை நெடுக மீனவர் ஊர்கள் உள்ளன. கரையோர மீன்வளம் அவ்வூர்களின் வாழ்வாதாரம். அந்த வளத்தின் அடிப்படைகளுள் ஒன்று, யாரும் விலை வைக்காத இந்த மணலுயிர்கள்.

கூட்டம் பெருகிய கரை

மாமல்லபுரத்தின் சிற்பங்களும் கோயில்களும் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. கட்டணம் செலுத்திப் பார்க்கும் இந்தியத் தொல்லியல் சின்னங்களில், 2021–22ஆம் ஆண்டில் வெளிநாட்டுப் பயணிகள் மிகுதியாக வந்த இடமாக மாமல்லபுரம் பதிவானது. அவ்வாண்டு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 1.45 லட்சம். உள்நாட்டுப் பயணிகளின் கூட்டம் இதைவிடப் பன்மடங்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக விடுதிகளும் உணவகங்களும் கேளிக்கைப் பூங்காக்களும் எழுந்தன. பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியபின், கேளம்பாக்கம், சிறுசேரி, நாவலூர் பகுதி மக்களுக்குக் கோவளம் வாரக்கடைசிக் கடற்கரையாகிவிட்டது. அங்கே அலைச்சறுக்கு விளையாட்டும் வேரூன்றியது.

2021 செப்டம்பரில் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை, நீரின் தரம், பாதுகாப்பு, வசதிகள் உள்ளிட்ட 33 அளவுகோல்களை வைத்து இச்சான்றை வழங்குகிறது. தமிழகத்தில் இதைப் பெற்ற முதற்கரை கோவளம்.

இக்கரையில் கூட்டம் சேரும் நாள்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காணும் பொங்கலன்று மாமல்லபுரம் கடற்கரையில் மனிதத் தலைகளே தெரியும். மாசி மகத்தன்று இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து, அதே மணலில் குடில் அமைத்துத் தங்கி, கன்னியம்மனை வழிபடுகிறார்கள். ஆண்டுக்கொரு முறை வந்து போகும் இத்தகைய கூட்டமும், ஆண்டு முழுவதும் ஓயாத சுற்றுலா நடமாட்டமும் மணலுக்கு ஒன்றல்ல. முன்னதற்குப் பின் மணலுக்கு ஓய்வு கிடைக்கிறது. பின்னதில் அது கிடைப்பதில்லை.

காலடியும் சக்கரமும்

காலடியின் முதல் விளைவு அழுத்தம். ஈர மணலை மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது துகள்கள் நெருங்கி அமர்ந்து இடுக்குகள் சுருங்குகின்றன. நீரும் ஆக்சிஜனும் உள்ளே செல்வது குறைகிறது. மென்னுடல் உயிர்கள் நசுங்குகின்றன. காய்ந்த மேல்மணலில் விளைவு வேறு: அங்கே மிதிபடும் மணல் கலைந்து, அடியிலுள்ள ஈரம் மேலே வந்து உலர்ந்துபோகிறது.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு இத்தாலியின் சார்டினியா தீவை அடுத்துள்ள அசினாராவில் நடந்தது. முன்பு சிறைத்தீவாக இருந்த அசினாரா இன்று தேசியப் பூங்கா. அங்கே சில கரைகளில் மக்கள் நடமாட்டம் தடை செய்யப்பட்டுள்ளது. சிலவற்றில் அளவோடும் சிலவற்றில் தாராளமாகவும் அனுமதி உண்டு. வேறு பாதிப்புகள் பெரிதும் இல்லாத தீவு என்பதால், மனிதர் வந்துபோவதன் விளைவை மட்டும் தனியே பிரித்துக் காண முடிந்தது. மணலிலுள்ள டி.என்.ஏ.வைக் கொண்டு மணலிடை விலங்குகளைக் கணக்கிட்ட அந்த ஆய்வு 2020இல் வெளியானது. அலை ஏறி இறங்கும் பட்டையில், பயணிகள் வருகை மணலிடை விலங்குகளின் பல்வகைமையைப் பாதித்திருந்தது. நீரின் ஆழம் கூடக்கூட அந்தப் பாதிப்பு குறைந்தது. மத்தியதரைக் கடலிலும் ஓத வேறுபாடு மிகக் குறைவு. கால் நனைக்கும் ஒடுங்கிய பட்டையே அங்கும் அடிபட்டது என்பதை, அதே போன்ற பட்டையில் கூட்டம் நிற்கும் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கருத்தில் கொள்ள வேண்டும்.

வண்டிச் சக்கரத்தின் விளைவு இன்னும் கடுமை. ஆஸ்திரேலியக் கரைகளில் நடந்த சோதனைகளில், ஆழமற்ற வளைகளில் இருந்த ஓசிபோடு நண்டுகள் வண்டி ஏறியதும் பெருமளவில் மடிந்தன. ஆழமான வளைகளில் இருந்தவை தப்பின. இந்த நண்டுகள் இரவில்தான் வளையை விட்டு வெளியே வரும். அதனால் இரவில் கரையில் ஓடும் வண்டிகள் பகல் வண்டிகளைவிட ஆபத்தானவை. குதிரைச் சவாரியும் கேளிக்கைக்கான மணல் வண்டிகளும் கரை முழுவதும் அலையாமல் ஓர் ஒழுங்குக்குள் வர வேண்டியதன் காரணம் இதுதான்.

துப்புரவு செய்யும் சேதம்

சுற்றுலாக் கரையில் காலடியைவிடப் பெரிய மாற்றத்தை ஏற்படுத்துவது பல இடங்களில் துப்புரவுப் பணியே. மெரினா, பெசன்ட் நகர் போன்ற கரைகளில் மணலைச் சலித்துக் குப்பையை அள்ளும் இயந்திரங்கள் பயன்படுகின்றன. உலகின் பல சுற்றுலாக் கரைகளில் இவை நாள்தோறும் ஓடுகின்றன. இயந்திரம் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணலைத் தோண்டிச் சலித்துக் கொட்டும்போது, குப்பையோடு பாசியும் சருகும் போய்விடுகின்றன. உயர் அலைக் கோட்டின் உணவும் நிழலும் ஈரமும் ஒரே நேரத்தில் நீங்குகின்றன.

பெல்ஜியத்தைச் சேர்ந்த டாம் கெஸ்கியரும் அவருடைய குழுவினரும், மத்தியதரைக் கடலிலும் பால்டிக் கடலிலும் சுற்றுலாக் கரைகளை அவற்றின் அருகிலிருந்த நடமாட்டமற்ற கரைகளோடு ஒப்பிட்டு 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். சுற்றுலாக் கரைகளின் மேற்பகுதியில் கரிமப்பொருள் குறைவாக இருந்தது. மணலிடை விலங்குகளின் எண்ணிக்கையும் வகைகளும் குறைந்திருந்தன. பூச்சிகள், துடுப்புக்காலிகள், சிறு மண்புழு வகைகள், நிலத்துக்குரிய நூற்புழுக்கள் போன்றவை அங்கே காணப்படவில்லை. பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்த மணல், உயிர்களைப் பொறுத்தவரை வறண்டுபோயிருந்தது.

அதே குழு பெல்ஜியத்தின் ஒரு கரையில் இன்னொரு சோதனையைச் செய்து 2006இல் வெளியிட்டது. ஒரே ஒருமுறை இயந்திரத்தால் துப்புரவு செய்து, அதன்பின் உயிர்கள் எப்படி மீள்கின்றன என்று பார்த்தது. துப்புரவு முடிந்தவுடன் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அடுத்த ஓதங்கள் வந்துபோன ஒரு நாளுக்குள் பழைய நிலை பெருமளவு திரும்பியது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகிறது. ஒருமுறை நேரும் இடையூறை மணல் தாங்கிக்கொள்கிறது. மீள்வதற்குள் அடுத்த இடையூறு வந்துவிடும் கரையில்தான் உயிர்கள் நிலையாகக் குறைகின்றன.

துப்புரவின் இந்தச் சேதத்தைக் குறைக்க நீலக்கொடி அளவுகோல்களுக்குள்ளேயே இடம் இருக்கிறது. கடற்பாசியையும் இயற்கையாக ஒதுங்கிய பொருள்களையும் கரையிலேயே விட்டுவைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கோவளத்தில் இதைப் பயணிகளுக்கு எடுத்துச் சொன்னால், பாசி கிடக்கும் கரையை அழுக்குக் கரை என்று நினைக்கும் பழக்கம் மாறும்.

கழிவுநீர், பிளாஸ்டிக், விளக்கொளி

விடுதிகளும் உணவகங்களும் பெருகும் இடத்தில் கழிவுநீரும் பெருகும். சுத்திகரிக்கப்படாத நீர் மணலில் இறங்கினால், பாக்டீரியா அளவுமீறிப் பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே மணல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் பல நூற்புழுக்கள் தாக்குப்பிடிக்கும், துடுப்புக்காலிகளால் முடியாது. இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, நூற்புழுக்களின் எண்ணிக்கையைத் துடுப்புக்காலிகளின் எண்ணிக்கையால் வகுத்து மாசை மதிப்பிடலாம் என்று ராஃபேலி, மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் முன்மொழிந்தனர். மணலின் பருமனைப் பொறுத்தும் இந்த விகிதம் மாறும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவுக்கு வர இயலாது. ஆயினும் ஒரே கரையின் நிலையைக் காலந்தோறும் கண்காணிக்க அது பயன்படும். பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காடு கழிமுகத்துக்கு வந்து சேரும் நகரக் கழிவும் கோவளம் கரைக்கு நேரடித் தொடர்புடையது.

பிளாஸ்டிக்கின் தாக்கம் துண்டுகள் சிறுத்தபின்தான் மணலுக்குள் தொடங்குகிறது. வெயிலில் நொறுங்கிய துகள்கள் மணல் துகள்களோடு கலந்துவிடுகின்றன. ஹவாய் தீவில் செய்து 2011இல் வெளியான ஆய்வு, பிளாஸ்டிக் கலந்த மணலில் நீர் வேகமாக வடிவதையும், அந்த மணல் மெதுவாகவே சூடேறுவதையும் கண்டறிந்தது. ஈரத்தையும் வெப்பத்தையும் நம்பி வாழும் உயிர்களுக்கு இவை இரண்டும் அடிப்படை மாற்றங்கள். சென்னைக் கரையில் 2015 வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளில், வெள்ளம் புதிய பிளாஸ்டிக் குருணைகளைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தது தெரியவந்தது. மணலில் சேரும் பிளாஸ்டிக் கடற்கரையில் போட்டது மட்டுமல்ல. ஆறுகளும் கால்வாய்களும் சுமந்துவருவதும்தான்.

இரவு விளக்குகள் நண்டுகளின் இரவு நடமாட்டத்தையும், முட்டையிட வரும் பங்குனி ஆமைகளையும், கடலைத் தேடிச் செல்லும் ஆமைக் குஞ்சுகளையும் தடுமாற வைக்கின்றன. சிதறிய உணவு காகங்களையும் நாய்களையும் கரைக்கு ஈர்க்கிறது. அவை நண்டுகளையும் ஆமை முட்டைகளையும் தின்கின்றன. மணல்மேட்டின் மேல் எழும் சுவரும் கட்டடமும், கரை அரிக்கப்படும் காலத்தில் அது நிலப்பக்கமாக நகர்வதைத் தடுக்கின்றன. அப்போது கடலுக்கும் சுவருக்கும் நடுவே கரை ஒடுங்கி, மேல்மணற்பட்டை முற்றாக மறையவும் கூடும். மற்றப் பாதிப்புகளிலிருந்து உயிர்கள் மீளலாம். வாழும் இடமே போனபின் மீள்வது எங்கே?

மணல் மீளும் திறன்

மணலுயிர்கள் இடையூறுக்குப் பழகியவையே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மணலிடை நீரின் உப்பு குறைகிறது; அலை கரையை அரித்து ஏராளமான மணலை அள்ளிச் செல்கிறது. பின்னர் கடல் அடங்கியதும் மணல் திரும்பி வருகிறது. உயிர்கள் ஆழத்துக்கு இறங்கித் தப்புகின்றன; பக்கத்து மணலிலிருந்து வந்து மீண்டும் குடியேறுகின்றன. துடுப்புக்காலிகள் பலவற்றுக்கு ஒரு தலைமுறைக்குச் சில வாரங்களே போதும்.

கொரோனா ஊரடங்குக் காலத்தில் உலகின் பல கடற்கரைகள் வெறிச்சோடின. மெரினாவும் 2020 டிசம்பர் வரை பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் சுற்றுலாக் கரைகளை அக்காலத்தில் கவனித்த ஆய்வாளர்கள், நண்டு வளைகளும் பறவைகளும் கரைச் செடிகளும் பெருகியதைப் பதிவு செய்தனர். அழுத்தம் குறைந்தால் உயிர்கள் திரும்புகின்றன. கரையைச் சுற்றுலாவுக்கு மூடிவிட வேண்டியதில்லை; மணலுக்கு இடமும் ஓய்வும் கிடைக்கும்படி சுற்றுலாவை வகுத்தால் போதும்.

செய்யக்கூடியவை

முதலாவது, குப்பையைக் கையால் பொறுக்குவது. பாட்டிலையும் பையையும் எடுத்துவிட்டுப் பாசியையும் சிப்பியையும் விட்டுவைக்கும் அறிவு மனிதக் கைக்கு உண்டு. சலிக்கும் இயந்திரத்துக்கு இல்லை. இயந்திரம் தவிர்க்க முடியாத இடங்களில், அதை உயர் அலைக் கோட்டுக்குக் கீழே இறக்காமலும், நாள்தோறும் ஓட்டாமலும், பட்டை பட்டையாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆமைகள் முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

இரண்டாவது, கரையைப் பகுதிகளாகப் பிரிப்பது. குளிக்க, விளையாட, அலைச்சறுக்குக்கு, குதிரைக்கு என இடங்களை ஒதுக்கி, இடையிடையே நடமாட்டம் குறைந்த பகுதிகளை விட்டுவைத்தால், அங்கிருந்து உயிர்கள் பக்கத்து மணலுக்குப் பரவும். மணலிடை விலங்குகள் தொலைவிலிருந்து வர இயலாதவை என்பதால், இந்த ஓய்வுப் பகுதிகள் அடுத்தடுத்து இருப்பது அவசியம். இவற்றை வகுக்கும்போது மீனவர்கள் படகு நிறுத்தும், வலை உலர்த்தும் இடங்களுக்கு முதலுரிமை தர வேண்டும். கரை முதலில் அவர்களுடைய வாழ்விடம்.

மூன்றாவது, மீனவர் படகுகளை இழுக்கும் தேவை தவிர, கேளிக்கை வண்டிகளை மணலில் இறக்காதிருப்பது. நான்காவது, விடுதிகளின் கழிவுநீர் சுத்திகரிப்பைத் தொடர்ந்து சோதிப்பதும், கடலை நோக்கிய விளக்குகளை மறைத்துத் தாழ்த்துவதும். ஐந்தாவது, மணல்மேடுகளையும் அவற்றின் மேல் படரும் அடும்பங்கொடியையும் காப்பது. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணல்மேடுகளையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளில் சேர்த்துள்ளது.

ஆறாவது, தொடர்ந்து அளப்பது. நீலக்கொடிக் கரையில் குளிக்கும் நீரின் தரம் முறையாகச் சோதிக்கப்படுகிறது. அதனோடு மணலின் உயிர்நிலையையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. குறிப்பிட்ட நீளத்தில் நண்டு வளைகளை எண்ணுவது பள்ளி மாணவர்களாலும் முடியும். மனித நடமாட்டம் மிகுந்த கரைகளில் வளைகள் குறைவதை ஆஸ்திரேலியாவின் சிட்னிக் கரைகளில் செய்து 2001இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு குழாயால் மணல் மாதிரி எடுத்து, நீரில் கலக்கி, நுண்சல்லடையில் வடித்து, நுண்ணோக்கியில் எண்ணும் வேலையைக் கல்லூரி விலங்கியல் துறைகள் செய்யலாம். கூட்டம் மிகுந்த பகுதி, ஓய்வுப் பகுதி இரண்டிலும் பருவத்துக்கு ஒருமுறை இப்படி எண்ணினால், எந்த நடவடிக்கை பலன் தருகிறது, எது தரவில்லை என்பதைச் சில ஆண்டுகளில் கோவளத்தின் மணலே சொல்லிவிடும். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தன் மணலுயிர்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய சோழமண்டலக் கரையில் இந்தப் பணியைத் தொடர்வதற்கான அறிவும் ஆளும் இருக்கின்றன.